எங்க பக்கம் எல்லாம் சரியாத்தான் இருக்கு

வாசகரே, ஓர் இனத்தை உங்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டும். இதைப் பார்க்கக் காட்டுக்கோ மிருகக்காட்சிசாலைக்கோ போக வேண்டாம். இரண்டு வீட்டாருக்குப் பொதுவான ஒரு மதில், நாலு குடித்தனத்துக்குப் பொதுவான ஒரு மோட்டார், மாடிப்படியில் எரியாத ஒரு விளக்கு, இப்படி ஏதாவது ஒன்றின் பக்கத்தில் போய்ப் பொறுமையாக நில்லுங்கள். அந்தப் பொருள் பழுதானதும் நம் ஆள் வெளியே வருவார். கைகளை மார்பில் கட்டிக்கொள்வார். பழுதை ஒருமுறை, அடுத்தவர் வாசலை ஒருமுறை பார்ப்பார். பிறகு யாரும் கேட்காமலே அந்த வாக்கியத்தைச் சொல்வார்: "எங்க பக்கம் எல்லாம் சரியாத்தான் இருக்கு."

அவ்வளவுதான். அதோடு தன் கடமை முடிந்தது என்று உள்ளே போய்விடுவார்.

உலகம் முழுக்கப் பரவியிருக்கும் இந்த இனத்தில் நான் பார்த்த மிகச் சிறந்த மாதிரி, அமெரிக்காவின் மினசோட்டாவில் ஸ்டோர்பெக் என்ற ஊரின் நகரமன்றக் கணினிப் பொறுப்பாளர் டுவேன் ஹாக்ஸ்டாட். தங்கமான மனிதர். இந்த இனத்தில் கெட்டவர்களே கிடையாது, அதுதான் பெரிய தொல்லை. உங்கள் கார் பனியில் புதைந்தால் மண்வெட்டியோடு முதலில் ஓடி வருபவர் டுவேன். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால், அந்தப் பக்கத்தார் அடுப்பில் வேகவைக்கும் ஹாட்டிஷ் என்ற உணவு ஒரு தட்டு, சூடாக, உங்கள் வாசற்படியில் இருக்கும். வைத்தது யார் என்று கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டார். நல்லது செய்ததையே ஒப்புக்கொள்ளாத ஆள் மற்றதையா ஒப்புக்கொள்ளப் போகிறார்?

டுவேனுக்கு வாழ்க்கையில் இரண்டு காதல்கள். ஒன்று மனைவி கோரின். மற்றது ஒரு கேபிள். கேபிள் டிவி கம்பெனி அந்த ஊர்த் தெருக்களில் தன் கம்பியை இழுக்க அனுமதி கேட்டு வந்த காலத்தில், "தாராளமா இழுங்க, அப்படியே எங்க ஊருக்குன்னு தனியா ஒண்ணையும் சேர்த்து இழுத்துக் குடுத்துடுங்க" என்று சிரித்துக்கொண்டே கேட்டு, சிரித்துக்கொண்டே ஒப்பந்தத்தில் ஏற்றியவர் அவர்தான். அன்றிலிருந்து நகரமன்றம், தீயணைப்பு நிலையம், நூலகம், குடிநீர் அலுவலகம், ஊரின் பள்ளிக்கூடங்கள் எல்லாம் அந்த ஒரே கேபிளில் கோத்துக்கொண்டன. கணினிகள் ஒன்றோடொன்று பேசுவது அதில்தான், நகரமன்றக் கூட்டம் வீடுகளின் டிவிக்குப் போவது அதில்தான், உயர்நிலைப் பள்ளிப் பெண்களின் கூடைப்பந்தாட்டத்தை முதியோர் இல்லத்தில் உட்கார்ந்து பார்ப்பதும் அதன் புண்ணியத்தில்தான். நாயை அழைத்துக்கொண்டு நடக்கும்போது டுவேன் தரையைப் பார்ப்பதில்லை, கம்பங்களைத்தான் பார்ப்பார். அதனால் பனியில் வழுக்கி விழுந்ததும் உண்டு. அப்போதும் தன் பூட்ஸ் சரியாகத்தான் இருந்தது, நடைபாதைதான் சரியில்லை என்று டாக்டரிடம் விளக்கினார்.

ஒரே கேபிள் என்றால் சௌகரியமும் ஒன்று, அவஸ்தையும் ஒன்று. கோத்திருக்கும் கட்டிடங்களில் எங்காவது ஒரு முனை மூடாமல் திறந்து கிடந்தால் போதும். பக்கத்தில் ஓடும் மோட்டார், ஹீட்டர் எல்லாவற்றின் இரைச்சலும் அந்த ஓட்டை வழியாக உள்ளே புகுந்து, கேபிள் முழுக்க ஓடி, எல்லார் தலையிலும் விழும். ஒரு வீட்டில் தாளித்தால் தெருவே தும்முகிற மாதிரி. தும்முவது எல்லாருக்கும் தெரியும். தாளித்தது யார் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

நம் இனம் செழித்து வளர இதைவிட வளமான மண் உண்டா?

இரண்டு வருடமாகவே தொல்லை கொடுத்துவந்த கேபிள், அந்தக் குளிர்காலத்தில் இன்னும் அடிக்கடி படுத்துக்கொண்டது. படுத்த உடனே டுவேன் தன் மேசைக்கடியில் குனிவார். அங்கிருக்கும் கேபிள் பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறதா? எரிகிறது. தீர்ந்தது. தன் பக்கத்தைச் சோதிப்பது என்றால் நம்மவர்களுக்கு அவ்வளவுதான், ஏற்கெனவே அழகன் என்று முடிவு செய்துவிட்டுக் கண்ணாடி பார்க்கிற சோதனை. அதன் பிறகு பள்ளிகளின் கணினிப் பொறுப்பாளர் மார்லிஸ் ப்ரெக்கேவுக்கு போன் போகும்.

"மார்லிஸ், ஒண்ணுமில்ல, சும்மாதான் கேக்குறேன். உங்க பக்கம் எல்லாம் எப்படி இருக்கு?"

"எங்க பக்கமா? நல்லா இருக்கே. ஏன், உங்க பக்கம் ஏதாவது...?"

"சேச்சே. எங்க பக்கம் அருமையா இருக்கு."

"அப்போ ரொம்ப நல்லது."

"நல்லதுதான். குளிர் கொஞ்சம் அதிகம்."

"இதைவிட மோசமா இருந்திருக்கலாம்."

"அதுவும் சரிதான்."

இதுதான் ஸ்டோர்பெக்கில் சண்டை. குரல் உயராது, கதவு அறைபடாது. போனை வைத்த பிறகு இரண்டு பேரும் அவரவர் சுவரைப் பார்த்து முழு உண்மையையும் பேசிக்கொள்வார்கள்.

நம்மவர்களுக்கென்று ஒரு தனிப் பேச்சுமுறையும் உண்டு. அடுத்த பக்கத்தார் தவறு செய்வார்கள். நம் பக்கத்தில் அது நடந்துவிடும். பள்ளிக்கூடத்தார் ஒயரைக் கழற்றிப் போட்டார்கள். நகரமன்றத்தில் ஒயர் கழன்றுகொண்டது. யார் கழற்றினார்கள்? தெரியாது. ஒயருக்கே போரடித்திருக்கும்.

இந்தச் சண்டை வீட்டுக்குள்ளும் வந்தது. கோரின் தொடக்கப்பள்ளியில் நாலாம் வகுப்பு ஆசிரியை.

"இன்னைக்கும் போயிடுச்சு டுவேன்," என்றாள் சாப்பாட்டு மேசையில். "பிள்ளைங்களுக்கு எரிமலை வீடியோ காட்டிட்டு இருந்தேன். எல்லாம் மூச்சைப் பிடிச்சிட்டு உட்காந்திருக்குதுங்க. வெடிக்கப் போற நேரத்துல அப்படியே நின்னுடுச்சு."

"அது உங்க பள்ளிக்கூடத்துப் பக்கம்."

"எந்தப் பக்கமோ. எரிமலை வெடிக்கல."

"நாளைக்கு மார்லிஸ்கிட்ட சொல்லிப் பாரு."

"நான் ஏன் அவகிட்ட சொல்லணும்? நான் கட்டிக்கிட்டது உன்னைத்தானே?"

டுவேன் உருளைக்கிழங்கைக் கவனமாக மென்றார்.

பிப்ரவரி மாதக் கூட்டுக் குழுவில்தான் இடி விழுந்தது. அந்தக் கேபிளை அனுபவிக்கும் எல்லா அலுவலகத்தாரும் நகரமன்ற ஹாலில் கூடி, காபி குடித்து, எலுமிச்சை கேக் துண்டுகள் சாப்பிட்டுவிட்டுக் கலைவதற்குக் குழு என்று பெயர். தட்டில் கடைசித் துண்டு எஞ்சியிருந்தது. அந்த ஊரில் கடைசித் துண்டை யாரும் எடுக்க மாட்டார்கள். பாதியாக வெட்டி எடுத்துக்கொள்வார்கள், அடுத்தவர் மீதியைப் பாதியாக்குவார், கடைசியில் ஒரு பொடி மிஞ்சி அனாதையாகக் கிடக்கும். தட்டு அந்த நிலைக்கு வந்தபோது மார்லிஸ் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"நான் யாரையும் குத்தம் சொல்லல," என்று தொடங்கினாள். எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அங்கே அது போர் முழக்கம். "பள்ளிக்கூடத்துக்குத் தனியா ஒரு லைன் போட்டுக்கலாமான்னு எங்க போர்டுல யோசிக்கிறாங்க. ரெண்டு வருஷமா எங்க பக்கம்தான் தப்புன்னு கேட்டுக் கேட்டு அலுத்துப் போச்சு."

"அப்படி யாரும் சொல்லலையே!" என்றார் டுவேன்.

"வாயால சொல்லல," என்றாள் மார்லிஸ் இனிமையாக.

டுவேன் மனதுக்குள் கணக்குப் போட்டார். கம்பெனியோடு போட்ட ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் நேரம். பள்ளிக்கூடங்கள் விலகினால், "உங்களுக்கே வேண்டாமா? ரொம்பச் சந்தோஷம்" என்று கம்பெனி கேபிளைச் சுருட்டிக்கொண்டு போய்விடும். நூலகம் போச்சு, தீயணைப்பு நிலையம் போச்சு, முதியோர் இல்லத்துக் கூடைப்பந்து போச்சு. பதினைந்து வருடமாகத் தான் அண்ணாந்து பார்த்து நடந்த கம்பங்களில் இனி பார்க்க ஒன்றும் இருக்காது.

மார்லிஸை நிறுத்தியாக வேண்டும். எப்படி? யோசித்து யோசித்து, நம் இனத்தவருக்கே உதிக்கக்கூடிய ஓர் உத்தியைக் கண்டுபிடித்தார். கோளாறு மார்லிஸின் உயர்நிலைப் பள்ளியில்தான் இருக்கிறது என்று அசைக்க முடியாதபடி நிரூபித்துவிட்டால், அப்புறம் எந்த முகத்தோடு விலகுவாள்? கோபித்துக்கொண்டு கிளம்புகிறவர்களைத் தடுக்க, குற்றவாளி நீதான் என்று கையோடு நிரூபித்துக் காட்டுவது! நாமெல்லாம் வீட்டில் செய்து பார்த்த வைத்தியம்தானே?

சனிக்கிழமை காலை, பள்ளிகள் மூடியிருந்த நேரத்தில், நகரமன்ற நிலவறையில் உட்கார்ந்தார். எல்லாக் கட்டிடங்களின் கிளைகளும் அங்கேதான் வந்து சேர்கின்றன. ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே திரையைப் பார்க்க வேண்டும். எதைக் கழற்றும்போது இரைச்சல் அடங்குகிறதோ, அதுதான் திருடன். முதலில் உயர்நிலைப் பள்ளி. கழற்றும்போது அவர் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு இருந்ததை இங்கே பதிவு செய்கிறேன்.

திரையில் இரைச்சலைக் காட்டும் கோடு அப்படியே குதித்துக்கொண்டிருந்தது.

பரவாயில்லை, நடுநிலைப் பள்ளியாக இருக்கும். இல்லை. தொடக்கப்பள்ளி. இல்லை. நூலகம்? அந்த ஆட்களை எப்போதுமே நம்ப முடியாது, ரொம்ப அமைதியானவர்கள். அதுவும் இல்லை. குடிநீர், தீயணைப்பு, எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டாயிற்று. ஊரே துண்டித்துக் கிடந்தது, கோடு மட்டும் திருவிழா மாதிரி ஆடியது. கழற்றாமல் மிஞ்சியிருந்தது நகரமன்றம் ஒன்றுதான். அதை ஏன் முதலிலேயே கழற்றவில்லை? எங்க பக்கம்தான் சரியாக இருக்கிறதே!

டுவேன் கொஞ்ச நேரம் வேறு காரணங்களோடு பேசிப் பார்த்தார். கம்பெனியின் சதி. குளிர். திரை பழசு. சூரியனில் ஏதோ புயல் என்று எங்கோ படித்த ஞாபகம். சூரியன் கைகொடுக்காது என்று தெரிந்த பிறகு, படியேறி மேலே ஹாலுக்குப் போனார்.

அங்கே போர்வை தைக்கும் பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பழைய மின் ஹீட்டர் ஒன்று க்ளிக் க்ளிக் என்று அணைந்து எரிந்து கொண்டிருந்தது. வாரநாட்களில் சீட்டாட வருபவர்கள், கூட்டம் போடுபவர்கள் எல்லாரும் கால் காய வைப்பது அதில்தான்.

"என்னப்பா டுவேன், எதையாவது தொலைச்சுட்டியா?" என்றாள் ஒருத்தி.

"இல்ல, சும்மா பார்க்குறேன்."

"மேடைத் திரைக்குப் பின்னாடி என்னப்பா சும்மா பார்க்குறதுக்கு இருக்கு? தூசிதான்."

தூசிதான் இருந்தது. தூசிக்கு நடுவே, சுவரில், கேபிளின் ஒரு முனை வாயைத் திறந்துகொண்டு இருந்தது. கூட்டங்களை ஒளிபரப்ப ஒரு காலத்தில் டுவேனே தன் கையால் வைத்தது. பிறகு கேமராவை எதிர் மூலைக்கு மாற்றினார். இந்த வாயை மூடிவிட்டு வந்திருக்க வேண்டும். நாளைக்கு மூடலாம் என்று விட்டிருப்பார். மன்னிக்கவும், அவர் மொழியில் சொன்னால், மூடப்படாமல் இருந்துவிட்டது.

சட்டைப் பையில் எப்போதும் கிடக்கும் சின்ன மூடிகளில் ஒன்றை எடுத்துத் திருகினார். கீழே ஓடி வந்து பார்த்தார். கோடு குளத்து நீர் மாதிரி அசையாமல் கிடந்தது. இத்தனை வருடத்தில் இவ்வளவு அழகான கோட்டை அவர் பார்த்ததில்லை. பார்க்கப் பார்க்க வெட்கம் பிடுங்கித் தின்றது. ரெண்டு வருஷம்! மார்லிஸ் தன் கட்டிடங்களில் ஏணி போட்டு ஏறி இறங்கிய ரெண்டு வருஷம். "சும்மாதான் கேக்குறேன்" என்று தான் போன் செய்த ஒவ்வொரு முறையும் இங்கே தன் ஓட்டை வாயைப் பிளந்துகொண்டு இருந்திருக்கிறது. 'அடேய் டுவேன், உனக்கு நாக்கு ஒரு கேடா?' என்று தன்னையே கேட்டுக்கொண்டார்.

அன்று மாலை இருவரும் வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்தபோது கோரினிடம் சொன்னார். அவள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். பிறகு நிறுத்தினாள்.

"மார்லிஸ்கிட்ட சொன்னியா?"

"திங்கக்கிழமை போறேன்."

"போயி என்ன சொல்லுவ? இங்க சொல்லு, கேப்போம்."

"கோளாறு கண்டுபிடிக்கப்பட்டதுன்னு..."

"டுவேன்."

"சரி. எங்க பக்கம்தான்னு சொல்றேன்."

"அவ்வளவுதான். பனி தள்றதைவிடச் சுலபம்."

திங்கட்கிழமை போனார். மார்லிஸ் காபி கொடுத்தாள். குளிரைப் பற்றிப் பேசினார்கள். உறைந்த ஏரியில் மீன் பிடிப்பதைப் பற்றிப் பேசினார்கள். டுவேன் "சரி, அப்போ..." என்று எழுந்தார். எழுந்து நின்று அவள் காரின் குளிர்கால டயரைப் பற்றி விசாரித்தார். கதவைப் பிடித்துக்கொண்டு அவளுடைய அம்மாவின் முழங்காலைப் பற்றி விசாரித்தார். தாழ்வாரத்தில் நின்று நாயைப் பற்றிச் சொன்னார். அந்த ஊரில் விடைபெறுவதற்கே அரைமணி நேரம் பிடிக்கும். அதில் ஒரு வாக்கியத்துக்கு இடம் இல்லாமலா போகும்? காருக்குள் உட்கார்ந்து கண்ணாடியை இறக்கி, "மார்லிஸ்!" என்று கூப்பிட்டார்.

"சொல்லுங்க டுவேன்."

"ரோடு வழுக்குது. பார்த்துப் போங்க."

அவள் எங்கேயும் போகவில்லை. தன் அலுவலக வாசலில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

மார்ச் மாதக் கூட்டம் வந்தது. மறுநாள் பள்ளி போர்டில் ஓட்டெடுப்பு. டுவேன் எழுந்தார். முகம் சிவந்திருந்தது.

"நல்ல செய்தி. இரைச்சல் வந்த இடம் கண்டறியப்பட்டு, மூடப்பட்டது."

எல்லாரும் கைதட்டினார்கள். மார்லிஸ் தட்டவில்லை. "எந்த இடம்?" என்றாள்.

"ஒரு கட்டிடத்துல."

"எந்தக் கட்டிடம்?"

"ஒரு பொதுக் கட்டிடம்தான்."

"இங்க உட்காந்திருக்கிற எல்லாமே பொதுக் கட்டிடம்தானே, டுவேன்?"

நூலகத்துக்காரர் அவசரமாக, "எங்க பக்கம் எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றார். தீயணைப்புத் தலைவரும் அப்படியே சொன்னார். மார்லிஸ் டுவேனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கொஞ்சம் எதிர்பார்ப்புதான் இருந்தது. சொல்லிவிடலாம் என்று டுவேனுக்குத் தோன்றியது. வாய்கூடத் திறந்தது.

"எந்தக் கட்டிடங்கிறது முக்கியமில்ல," என்றது வாய். "பிரச்சினை தீர்ந்துடுச்சு, அதானே முக்கியம்?"

மார்லிஸ் தலையசைத்தாள். "அதுவும் சரிதான்," என்று சொல்லிவிட்டுக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

பள்ளிக்கூடங்கள் விலகின. கம்பெனி சந்தோஷமாகக் கேபிளைக் கைவிட்டது. நூலகம் தனி, தீயணைப்பு தனி, நகரமன்றம் தனி என்று ஆளுக்கொரு லைன் வாங்கிக்கொண்டார்கள். முதியோர் இல்லத்தில் கூடைப்பந்து நின்றது. பெண்கள் அந்த வருடம் மாவட்டக் கோப்பையை வென்றதை அங்கிருந்தவர்கள் மறுநாள்தான் கேள்விப்பட்டார்கள். டுவேனின் லைன் இப்போது முழுக்க டுவேனின் லைன். கூட்டாளி இல்லை, குழு இல்லை, எலுமிச்சைத் துண்டும் இல்லை.

ஏப்ரலில் ஒருநாள் அது படுத்தது. டுவேன் பச்சை விளக்கைப் பார்த்தார், கை தானாகப் போனை எடுத்தது, எண்ணை அழுத்தியது, எதிர்முனையில் மார்லிஸ் "ஹலோ" என்ற பிறகுதான், கேட்பதற்கு இனி அந்தப் பக்கம் என்று ஒன்றே இல்லை என்பது உறைத்தது.

"மார்லிஸ், ஒண்ணுமில்ல..." என்றார். அப்புறம் அணை உடைந்த மாதிரி வந்தது: "அது எங்க ஹால்ல இருந்துச்சு மார்லிஸ். நானே வச்சது. நானே மூடாம விட்டது. ரெண்டு வருஷமா எங்க பக்கம்தான்."

"தெரியும்," என்றாள் அவள்.

"தெரியுமா? யார் சொன்னது? கோரினா?"

"நீங்கதான். அன்னைக்குக் கூட்டத்துல கட்டிடத்தோட பேரைச் சொல்லலையே. எங்க பக்கமா இருந்திருந்தா எந்த மாடி, எந்த ரூம், எந்த ஜன்னல் ஓரம்னு படம் வரைஞ்சே காட்டியிருப்பீங்க."

"தெரிஞ்சுமா விலகுனீங்க?"

"கேபிள் நல்லாத்தான் இருந்துச்சு டுவேன். நீங்க ஒரு தடவை வாயால சொல்லியிருந்தா, போர்டுல நானே உங்களுக்காகச் சண்டை போட்டிருப்பேன். பேச்சுகூடத் தயார் பண்ணி வச்சிருந்தேன்."

டுவேன் ஜன்னல் வழியே பார்த்தார். எதிர்க் கம்பத்தில் ஆட்கள் ஏறிப் பழைய கேபிளை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.

பாவம் டுவேன், இல்லையா? இப்படியும் ஒரு மனிதரா என்று தலையில் அடித்துக்கொண்டீர்கள். எழுதும்போது நானும் அடித்துக்கொண்டேன், இன்னொருவரை நினைத்து. உங்களுக்கும் படிக்கும்போதே ஒரு முகம் கண்முன் வந்திருக்கும். மைத்துனரோ, மேலதிகாரியோ, மாடி வீட்டுக்காரரோ, கட்டியவரோ. அச்சு அசல் அவரேதான் என்று சிரித்தும் இருப்பீர்கள். தயவுசெய்து இதை அவரிடமும் படிக்கக் கொடுங்கள். அவரும் விழுந்து விழுந்து சிரிப்பார். அப்போது அவர் கண்முன் யார் முகம் வருகிறது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.